கடைசி நாடு

ஒரகடம் தொழிற்சாலையின் சுவரில் இருந்த பலகை, கார் வயரிங் செய்யும் நாடுகளை நொடிக்கு நொடி ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியன்று மாலை ஏழு மணிக்கு எந்த நாடு கடைசியில் நிற்கிறதோ, அந்த நாட்டின் தொழிற்சாலை மூடப்படும்.

அன்று மாதத்தின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. மணி ஆறரை. முடித்த வயரிங் செட் கணக்கில் கடைசி இரண்டு இடங்களில் மொராக்கோ 6216, இந்தியா 6212. திடீரென்று, மொராக்கோவில் வேலை ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு பலகையில் அணைந்தது.

"அங்க இப்போ மத்தியானம், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிட்டாங்க! விடாதீங்க, ஓட்டுங்க!" என்று கத்தினார் சூப்பர்வைசர் இளம்பரிதி.

லைன் லீடர் சுகந்தி பெல்ட்டை நிறுத்தினாள்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு நாப்பது வீட்ல அடுப்பு எரிய வேணாமா?"

"எங்க வீட்லயும் அடுப்பு இருக்கு சார். ஆயுதபூஜையில நாம சூடம் காட்டுறப்போ அவங்க ஓட்டியிருந்தா, நமக்கு எப்படி இருந்திருக்கும்?"

 நாற்பது பேரில் ஒருத்திகூட வயர் சுற்றும் டேப்பைத் தொடவில்லை.

ஆறு ஐம்பத்தைந்துக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

"இப்போ ஓட்டுங்கடி!" என்றாள் சுகந்தி.

6213. 6214. விளக்கு எரிந்தும் மொராக்கோவின் எண் அசையவில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சா அவங்களுக்கு?" என்றார் இளம்பரிதி.

"இல்ல சார். அவங்க தொழுதப்போ நம்ம எண்ணும் அசையாம நின்னதைப் பார்த்திருப்பாங்க."

6215. மணி ஏழடிக்கும்போது இரண்டு நாடும் 6216.

கடைசி நாடு என்ற கட்டத்தில் பலகை யார் பெயரையும் எழுதவில்லை.