பதினொன்றாவது பிஸ்கட்

"கணக்கு வருமா?" என்று கேட்டார் லௌதோகா நகரத்துப் பிஸ்கட் ஆலையின் சூப்பர்வைசர் முனேஷ்வர்.

"வராது தம்பி. அதனாலயே ரெண்டு ஃபேக்டரியில வேண்டாம்னுட்டாங்க" என்றாள் வேலை கேட்டு வந்த லோசலினி.

"இங்க கைவேலைதான். பாக்கெட்டுக்குப் பத்து பிஸ்கட். பத்து வரைக்கும் எண்ணுவீங்கள்ல?"

"அது எனக்குத் தண்ணி பட்ட பாடு!"

மறுநாள் மதியத்துக்குள், எடை பார்க்கும் மெஷின் அவள் கட்டிய பாக்கெட்டுகளை ஒன்று விடாமல் வெளியே தள்ளியது. முனேஷ்வர் ஓடி வந்து ஒன்றைப் பிரித்து எண்ணினார்.

"பதினொண்ணு! பத்துகூட எண்ணத் தெரியலையாக்கா? இப்படின்னா நாளைக்கு வராதீங்க."

"பத்து சரியாத்தான் எண்ணினேன். பதினொண்ணாவது கொசுறு."

"கொசுறா? யார் கேட்டா?"

"நீங்கதான்! சனிக்கிழமை சனிக்கிழமை மார்க்கெட்ல, என் கத்திரிக்காய்க் கூறு முன்னாடி நின்னுக்கிட்டு, மேல ஒண்ணு போடாம நகர மாட்டேங்கறது யாரு? காயையே பார்த்தா என் மூஞ்சி எங்க ஞாபகம் இருக்கும்?"

வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முனேஷ்வர் அந்தப் பதினொன்றாவது பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"சரிக்கா, நாளைக்கு வாங்க. இங்க பத்தோட நிறுத்திக்கங்க. சனிக்கிழமை மட்டும் பழக்கத்தை மாத்திடாதீங்க!"