சீதனத்துக்கு ஒரு மூலை

"என்ர பெற்றோல் ஷெட்டுக்குள்ளயே, பெற்றோல் குடிக்காத காருக்கு இடம் கேக்கிறான். அதுவும் சீதனமா. இவனுக்கு நான் பிள்ளையைக் குடுக்கவோ?"

பாலேந்திரா காசு வாங்கும் டில்லுக்குப் பின்னால் நின்று பொரிந்து தள்ளினார். லண்டன் இல்ஃபோர்டில் பல வருடமாகப் பெற்றோல் ஷெட் நடத்துபவர். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் வாடிக்கையாளர் வந்தால் சிரித்துவிடுவார். அன்று அந்தச் சிரிப்பும் வர மறுத்தது.

"மெல்லக் கதையுங்கோ, சனம் பாக்குது," என்றாள் மனைவி தவமலர், சொக்லேட் பெட்டிகளை அடுக்கியபடி. "வீடு தாறம் எண்டம், வேண்டாம் எண்டிட்டார். நகையும் வேண்டாமாம். அதுக்குப் பிறகும் விடாமல், 'என்னதான் வேணும், சொல்லும் தம்பி' எண்டு நச்சரிச்சது ஆர்?"

"மூத்தவள் லோஜினிக்கு வீடு குடுத்தனான். இளையவளைச் சும்மா அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? ஒரு மரியாதைக்குக் கேட்டால்..."

"நீங்கள் கேட்டியள், காருக்குக் கரண்ட் ஏத்த ஷெட்டில ஒரு மூலை தாங்கோ எண்டு அவர் சொல்லிப்போட்டார்."

விஷயம் இதுதான். சின்ன மகள் கோசிகாவுக்குப் பிடித்துப்போன மாப்பிள்ளை ரதீசன், லண்டனின் மறுகோடியில் இருக்கும் ரெய்னர்ஸ் லேன்காரன். எஞ்சினியர் என்றதும் பாலேந்திரா குளிர்ந்துபோனார். என்ன எஞ்சினியர் என்று பிறகுதான் விசாரித்தார். பழைய கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு பற்றரி பூட்டுவதும், இருக்கிற கார் நிறுத்துமிடங்களில் மின்சாரம் ஏற்ற வசதி செய்வதும்தான் அவன் வேலை. அது 2009. மின்சாரக் கார் என்றால் பொம்மைக் கடையில் விற்பது என்று இல்ஃபோர்டில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்த காலம். குளிர்ந்த மனிதர் அன்றைக்கே கொதித்துப்போனார்.

கோசிகாவோ, கட்டினால் ரதீசனைத்தான் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அதுதான் மனிதரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

வாசலில் ஒரு பழைய கார் சத்தமே இல்லாமல் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. ரதீசன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த பிறகுதான் பார்த்தார்கள்.

"வாங்கோ தம்பி," என்றாள் தவமலர். பாலேந்திரா டில்லில் ரிசீட் பேப்பர் மாற்றுவதில் மும்முரமானார்.

"அங்கிள், அந்த மூலையை உங்களோட நிண்டு ஒருக்காப் பாக்கலாம் எண்டு வந்தனான்."

"பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? பெற்றோல் இருக்கிற இடத்தில கரண்டைக் கொண்டுவந்தால், எல்லாரும் ஒண்டா மேல போகவேண்டியதுதான்."

"பம்புக்குக் கிட்டவே போகமாட்டன் அங்கிள். அங்கால, பழைய கார் கழுவுற மெஷின் நிண்ட இடம். அதுக்கு வந்த தடிச்ச வயர் இன்னும் நிலத்துக்குக் கீழ சும்மாதான் கிடக்கு. புதுசா ஒண்டும் தோண்டத் தேவையில்லை. இருக்கிறதை மாத்தினால் போதும்."

"மாத்தி மாத்தி, கடைசியில என்னை வீட்டுக்கு அனுப்பப்போறீர்."

"இல்லை அங்கிள். எப்பவோ ஒரு நாள் சனம் பெற்றோல் அடிக்கிறதை விட்டிடும். அண்டைக்கும் உங்கட ஷெட் திறந்திருக்கவேணும். அதுக்குத்தான் ஒரு மூலையிலயாவது இப்பவே தொடங்குவம் எண்டு கேட்டனான்."

பெடியன் பழுதில்லை என்று பாலேந்திராவுக்கே அந்த நேரம் தோன்றிவிட்டது. ஆனாலும் சட்டென்று இறங்கிவந்தால் மாமனாருக்கு என்ன மதிப்பு?

"உம்மட கார் எவ்வளவு தூரம் ஓடும்?"

"ரெய்னர்ஸ் லேனில இருந்து இஞ்ச வரும் அங்கிள்."

"திரும்பிப் போறது?"

ரதீசன் தலையைச் சொறிந்தான். "இஞ்ச கரண்ட் ஏத்தினால்தான்."

"நல்ல கார்தான். போன இடத்தில படுத்துக்கொள்ளும்," என்றபடி பாலேந்திரா கோட்டை எடுத்து மாட்டினார். "சரி, வாரும். காட்டும்."

தவமலர் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். ரதீசன் குனிந்து நிலத்தைக் காட்டி ஏதோ விளக்கினான். பாலேந்திரா இடுப்பில் கைவைத்து நின்று கேட்டார். பிறகு கையை ஆட்டி ஏதோ மறுத்தார். பெடியனும் விடுவதாக இல்லை. முருகா, இந்த மனுசன் வாயைக் குடுத்துக் கலியாணத்தைக் குழப்பாமல் விட்டால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். திடீரென்று பாலேந்திரா ரதீசனின் தோளில் கையைப் போட்டார்.

ரதீசன் காரில் இருந்த அளவு நாடாவை எடுக்கப் போக, பாலேந்திரா மட்டும் திரும்பி வந்தார்.

"தாலிக்குப் பொன்னுருக்க நாள் பாரும்," என்றார்.

தவமலருக்கு நம்ப முடியவில்லை. "மெய்யாத்தானோ? அப்ப அங்க நிண்டு எதை வேண்டாம் எண்டு கையை ஆட்டினீங்கள்?"

"அந்தத் தடிச்ச வயரைத்தான். அதில ஏத்தினால் ரெண்டு மூண்டு மணித்தியாலத்திலயே கெதியா நிரம்பிடுமாம். அது வேண்டாம் தம்பி, வீட்டில தேத்தண்ணிக் கேத்தில் குத்திற மாதிரிச் சின்னப் பிளக்தான் போடவேணும், அப்பிடியெண்டால் எனக்குச் சம்மதம் எண்டு சொல்லிப்போட்டன்."

"உங்களுக்கென்ன விசரே? கெதியா நிரம்பினால் நல்லதுதானே?"

பாலேந்திரா குரலைத் தாழ்த்தினார்.

"மூத்தவள் கிழமைக்கு ஒருக்கா வாறாள். பெற்றோலை அடிச்சிட்டு, காருக்குள்ள இருந்து கையைக் காட்டிப்போட்டுப் போயிடுறாள். சின்னப் பிளக்கில காலமை குத்தினால் பொழுதுபடத்தான் நிரம்புமாம், தவம். அந்தக் காரில வாற கோசிகா அதுவரைக்கும் எங்களோட இருக்கத்தானே வேணும்?"