இரண்டாவது தூக்கு

பச்சைப் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டுத்தான் அசோகன் கத்தத் தொடங்கினார். மரக்காணத்தில் அந்த உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். வழக்கமாக மதியம் வருகிறவர், நேற்றைய மழையில் பாதி உப்பு கரைந்த ஆத்திரத்தில் இன்று காலையிலேயே வந்துவிட்டார்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை. அவர் கண்ணில் பட்டது, உப்புக் குவியலின் நிழலில் ஓலைக்கு அடியில் இருந்த இரண்டு தூக்குகள்.

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு தூக்கு? வேலைக்கு வர்றியா, விருந்துக்கு வர்றியா?"

அருக்காணி உப்பு வாரும் பலகையை ஊன்றி நின்றாள். ஒன்றில் பழைய சோறு, இன்னொன்றில் நீராகாரம் என்றாள். பொங்கல் கழிந்ததிலிருந்து இப்படித்தான் கொண்டுவருகிறாள். இரண்டாவதை அவள் குடித்து யாரும் பார்த்ததில்லை.

"ஊசிப்போனத குடிக்க வேண்டியது, அப்புறம் வயித்து வலின்னு லீவு கேக்க வேண்டியது," என்றார் அசோகன். பாட்டிலை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "என் கொடல் சொவுரு பூரா புண்ணுன்னாரு டாக்டரு. அத ஆத்தறதுக்கு நல்ல கிருமி வேணுமாம். அது இருக்கற இந்தத் தண்ணிய குயிலாப்பாளையம் கடையில தேடிப் புடிச்சி வாங்கியாறா எங்க வீட்டம்மா. மூணு மாசமா வலின்னா என்னன்னே தெரியல. உங்களுக்கு எங்க இதெல்லாம் புரியப்போவுது?"

"பேசறத என்னப் பேசுங்க. சோத்துத் தண்ணிய பேசாதீங்க," என்றாள் அருக்காணி.

அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. யாருமே செருப்போடு ஏறாத வரப்பில் அசோகன் செருப்போடு ஏறி, இரண்டாவது தூக்கை எட்டி உதைத்தார். வெள்ளைத் தண்ணீர் மண்ணில் பரவியது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

பதினெட்டு வருடமாக உப்பு அரித்த பாதங்களைப் பார்த்தபடி நின்றாள் அருக்காணி. அழவில்லை.

அப்போது ஓடைப் பக்க மண்பாதையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. அசோகனின் மனைவி வைஜெயந்தி. குவியலுக்குப் பின்னால் கணவர் நிற்பது தெரியாமல், பையிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அதே பச்சைப் பாட்டில்.

"சீக்கிரம் ரொப்பிக் குடு அருக்காணி. கடையில வாங்குனது ஒண்ணும் கேக்கல, உன் தண்ணிதான் அவரு வயித்துக்குக் கேக்குது."

அருக்காணி பலகையால் ஈர வரப்பைக் காட்டினாள்.

"ஐயா காலடியில கெடக்குதும்மா, வழிச்சிக்குங்க."