கால் திருப்பு

"இன்னிக்கும் கிளம்பியாச்சா?"

ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வாசலைத் தாண்டப்போன ஷெத்லி அப்படியே நின்றார்.

"ரஃபீக்கா மொபெட் ஐட்லிங்ல நிக்காம அணைஞ்சு போகுதாம். ஒரு சின்ன ஸ்க்ரூதான். திருப்பி விட்டுட்டு வந்துடறேன்."

"மூணு வாரமா அந்தச் சின்ன ஸ்க்ரூவைத்தான் திருப்பறீங்களா?"

"இன்ஜின் சூடாகணும், நஸீஹா. ஆறின இன்ஜின்ல திருப்பினா சரியா வராது."

"ஓ! சூடாக அரை மணி, ஆற அரை மணி. நடுவுல காபி வேற."

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் மொபெட் இல்லாத வீடு கிடையாது. நஸீஹாவிடமும் ஒன்று இருந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் போதும், உயிரை விட்டுவிடும். நேற்றுகூட மீன் மார்க்கெட் முனையில், பின்னால் லாரி வரும்போது பொட்டென்று அணைந்துவிட்டது. லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

"என் வண்டி நடுரோட்டுல என்னைக் கொல்லப் பார்க்குது. அதைத் தொட உங்களுக்கு நேரமில்லை. பக்கத்து வீட்டு விதவைக்கு மட்டும் ஆஸ்தான மெக்கானிக்!"

"உன்னோடதையும் பார்க்கறேன். வர்ற வெள்ளிக்கிழமை..."

"எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை?"

அவர் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

தபால் ஆபீஸில் முத்திரை குத்தியே ரிடையர் ஆன மனுஷர். ஆணி அடிக்கச் சொன்னால் சுவரில் ஜன்னல் வைப்பார். போன மாதம் அக்கா மகள் கல்யாணத்தில், அத்தனை சம்பந்திகள் நடுவிலும் அவர் கையைத் தூக்கிப் பிடித்து, "நல்லாப் பாருங்க, ரொட்டி பிய்க்கறதைத் தவிர எதுக்கும் லாயக்கில்லாத கை!" என்று பந்தலையே சிரிக்க வைத்தவள் நஸீஹா.

அப்பேர்ப்பட்ட கைக்கு அடுத்த வீட்டில் இவ்வளவு கிராக்கியா?

மதிலுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் காட்டுத்தனமாக அலறியது. உடனே ரஃபீக்காவின் சிரிப்பு. கூடவே ஷெத்லியின் சிரிப்பு.

வீட்டில் அவர் சிரித்து ஒரு மாதம் ஆகிறது.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க, கரண்டியும் கையுமாகப் போய் நின்றாள்.

கதவு அகலத் திறந்திருந்தது. முற்றத்தின் ஒரு கோடியில் முக்காலி போட்டு ரஃபீக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மறுகோடியில் மொபெட். அதன் பக்கத்தில் குந்தியிருந்த ஷெத்லி, கரண்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நல்லா இருக்குடீ!" என்றாள் நஸீஹா. "உன் வண்டிக்கு ஒண்ணு ரெண்டு நாள் கோளாறுன்னா சரி. தினம் தினமா? ஊர்ல மெக்கானிக்கே இல்லையா? அடுத்தவ புருஷன்தான் கிடைச்சாரா?"

ரஃபீக்கா பட்டாணியைக் கீழே வைத்தாள்.

"மெக்கானிக்கா? நான் பொறந்து வளர்ந்ததே எங்கப்பாவோட மொபெட் ஒர்க்‌ஷாப்ல. இந்த ஸ்க்ரூவைக் கண்ணை மூடிக்கிட்டுத் திருப்புவேன்."

"அப்புறம் இவர் எதுக்காம்?"

"ரஃபீக்கா, வேண்டாம். சொல்லாதே" என்றார் ஷெத்லி.

"சும்மா இருங்க, ஷெத்லி அண்ணா. பேச்சு வாங்கறது நானில்ல?" என்றவள் நஸீஹா பக்கம் திரும்பினாள். "என் வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை, அக்கா. இவர்தான் தினம் வந்து கோளாறு பண்ணிட்டுப் போறார். கால் திருப்பு திருப்புங்கன்னா முழுசாத் திருப்பறார். அவர் போனதும் நான் சரி பண்ணி வெச்சுக்கறேன்."

"என்னடீ உளர்றே?"

"தொழில் கத்துக்கறார். உங்க வண்டியைச் சரி பண்ணணுமாம்."

"அதை என் வண்டியிலயே கத்துக்கறதுக்கு என்ன கேடு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அதுல தப்பாயிட்டா, அடுத்த கல்யாணத்துலயும் அவர் கையைத் தூக்கிக் காட்டுவீங்களாம்."