மூணு அல்லி ஜாடி

"ஐயா, என் ஜாடியை டோர்கஸ் அக்கா திருடுறாங்க."

பர்ஸ்லம் ஊர் மண்பாண்ட ஆலையில், சாயம் பூசுகிற அறையில் எல்லாத் தூரிகையும் நின்றது. ராணி விக்டோரியா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் பெய்லி நிமிர்ந்து பார்த்தார்.

"இருபது வருஷமா இங்க இருக்கிறவளையா சொல்றே, செலினா?"

"கண்ணால பார்த்தேங்க. அடியில நான் போட்ட புள்ளியை அழிச்சுட்டு அவங்க சிலுவைக்குறியைப் போட்டாங்க. அல்லிப்பூ ஜாடி மூணு. சத்தியமா மூணும் என்னுதுங்க."

யார் பூசியது என்று அடியில் இருக்கும் குறிதான் சொல்லும்; கூலியும் அதை வைத்துத்தான். பூசும்போது எல்லாச் சாயமும் மங்கலாகத்தான் இருக்கும். வேலையின் லட்சணம் சூளையில் வெந்து வந்தால்தான் தெரியும்.

செலினாவின் கெட்ட நேரம், ஏற்கெனவே இரண்டு தடவை அவள் ஜாடிகள் வீணாகியிருந்தன. மூன்றாம் தடவை என்றால் வேலை போய்விடும். வீட்டில் படுத்த படுக்கையாய்ப் புருஷன், ஒரு கைக்குழந்தை. அப்படிப்பட்டவள் உழைப்பிலா கைவைப்பது?

"என்ன டோர்கஸ், நிஜமா?"

டோர்கஸ் தூரிகையைத் துடைத்து வைத்தாள். "குறி நான் போட்டதுதான்."

"ஏன் போட்டே?"

டோர்கஸ் சாயக் கிண்ணத்தை மூடினாள்.

"ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு செய்யற வேலையைப் பாரு," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"இன்னியோட நின்னுக்கோ," என்றார் பெய்லி.

டோர்கஸ் மேலங்கியைக் கழற்றி மாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "செலினா, பச்சையைக் கொஞ்சம் மெல்லிசா வைம்மா."

'போறப்பவும் குத்தம் சொல்லாம போக மாட்டா' என்று செலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை சூளையைத் திறந்தார்கள். பெய்லி மூன்று ஜாடிகளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். திட்டுத்திட்டாய்ப் பச்சை வழிந்து, வெள்ளை அல்லி இருந்த இடமே தெரியவில்லை. ஒன்றுகூடத் தேறாது. கவிழ்த்துக் காட்டினார். மூன்றிலும் சிலுவைக்குறி.

செலினா ஒரு சிலுவைக்குறியை விரலால் தடவினாள். ஐயோ அக்கா, இதுக்கா அழிச்சீங்க? நான் பாவி, நாக்கைக் கடிச்சுக்கிட்டாவது சும்மா இருந்திருக்கக் கூடாதா?

"நீ பேசாம இருந்திருந்தா, டோர்கஸ் கை தவறிடுச்சுன்னு விட்டிருப்பேன்," என்றார் பெய்லி. "மூணும் உன்னுதுன்னு நீதானே சத்தியம் பண்ணினே?"