கதவு கேட்ட கேள்வி

கடவுச்சொல்லைத் திருட முடியாதபடி, காலையில் வீட்டில் பேசியதிலிருந்தே கதவு மாலையில் ஒரு கேள்வி கேட்கும். ஐப்பசி மழையில் தெப்பமாக நனைந்து வந்த இளவழகனிடம், "உங்கள் மனைவி இன்று என்ன சொன்னார்?" என்றது.

"மாவு தீர்ந்துபோச்சுன்னு."

"தவறு."

"குடை எடுத்துட்டுப் போகச் சொன்னா."

"தவறு. இன்னும் ஒரு வாய்ப்புதான்."

வேறு வழியில்லாமல் அலுவலகத்திலிருந்த பவானிக்கு போன் போட்டான். "காலையில என்ன சொன்ன?"

"கதவு கேக்குதா, நீங்க கேக்குறீங்களா?"

"ரெண்டு பேருந்தான்."

"ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கு, போகவா வேணாமான்னு கேட்டேன். போன்ல செய்தி பாத்துக்கிட்டே 'ம்'னு சொன்னீங்க."

"ஓசூருக்கு மாற்றலா?"

அதைக் கேட்டதும் கதவு திறந்துகொண்டது. அவன் உள்ளே போகவில்லை. ஈரத்தோடு படியிலேயே உட்கார்ந்து, "உனக்குப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டான்.