சித்தப்பா ஊர் சுற்றிய நாள்

வளையல் மாதிரிச் சுட்ட பேகல் ரொட்டியைக் கடித்தாரா என்றால் அதுதான் இல்லை. நித்தியானந்தன் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பல் தெரியச் சிரித்து, கைபேசியில் ஒரு படம் எடுத்தார். எடுத்த கையோடு சிரிப்பை நிறுத்திவிட்டு, பேகலைப் பையோடு குப்பைத்தொட்டியில் போட்டார்.

எதிர்ப்பக்கப் பஸ் தரிப்பில் ஒளிந்து நின்ற நகுலேஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரும் காலையிலிருந்து பட்டினி. சுடச்சுட வாங்கிய சாமானை எறிகிற மனுசன் எதைத்தான் செய்யமாட்டான்!

அடுத்த நிமிடமே அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. ‘மொன்றியல் பேகல் சுப்பர்’ என்று கீழே ஒரு வரி வேறு.

நாளைக்கு தனுஷாவின் கல்யாணம். நகுலேஸ்வரன் அவளுக்குத் தாய்மாமன். நித்தியானந்தன் சித்தப்பா, அவளுடைய தகப்பன் கிருபானந்தனின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணத்துக்கென்றே பாரிசிலிருந்து வந்தவர், கர்க்லாண்டில் பெண்வீடே அமளிப்படும்போது, தனியாக ஊர் பார்க்கப் போகிறேன் என்று விடியவே கிளம்பிவிட்டார். ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

பெண்ணின் தாய் பாலாம்பிகை அப்போதே நகுலேஸ்வரனைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, அவர் கொண்டுவந்த பாரிஸ் மாப்பிள்ளையை நாங்கள் வேண்டாமெண்டனாங்கள் எல்லே? அந்தக் கோவம் இன்னும் போகேல்லை. புரோசார்ட்டுக்கு, மாப்பிள்ளை வீட்டை போய் ஏதும் கொளுத்திப் போட்டாரெண்டா என்ன செய்யிறது? ஒருக்காப் பின்னாலை போய்ப் பார்."

கிருபானந்தன் மட்டும், "அவன்ரை பாட்டுக்கு விடுங்கோவன்" என்று முனகிவிட்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வாசலில் தோரணம் கட்டப் போனார். தம்பி என்றால் அத்தான் எப்போதும் இப்படித்தான் என்று நகுலேஸ்வரன் எரிச்சல்பட்டார்.

பேகல் கடைக்குப் பிறகு மோன் றோயல் மலை. வந்தவர்களெல்லாம் கீழே நகரத்தைப் பார்த்து வாய்பிளந்து நிற்க, இவர் ஒரு வாங்கில் உட்கார்ந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி அதே சிரிப்பு, அதே மாதிரி ஒரு படம்.

மத்தியானம் பழைய துறைமுகம். உருளைக்கிழங்குப் பொரியலில் சீஸும் குழம்பும் ஊற்றித் தருகிற பூட்டின் ஒரு பெட்டி வாங்கினார், படம் எடுத்தார், அப்படியே தெருவோரம் படுத்திருந்த ஒருவரிடம் நீட்டினார். அந்த ஆள் "மெர்சி" சொல்லி முடிக்கு முன்னமே குடும்பத்துக்குச் செய்தி போய்விட்டது: ‘பூட்டின் சாப்பிட்டு வயிறு ஃபுல்.’

இனிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை, ஆள் ஏதோ பெரிய திட்டத்தோடுதான் திரிகிறார் என்று நகுலேஸ்வரன் முடிவு கட்டினார். சிரிப்பும் படமும் கண்ணில் மண் தூவுகிற வேலை. அப்போது நித்தியானந்தனின் கைபேசி அடித்தது. நகுலேஸ்வரன் ஐஸ்கிரீம் வண்டியின் மறைவுக்கு ஓடினார்.

"இல்லைப் பிள்ளை, இஞ்சை இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா நாளைக்குக் கலியாணம் நிண்டுபோம். நான் பாத்து, சொல்லுற நேரத்திலை சொல்லுறன்."

தூக்கி வளர்த்த பிள்ளை, நாளைக்கு மணவறையில் இருக்கவேண்டியவள். நகுலேஸ்வரன் ஒளிந்து நின்றதை மறந்து முன்னால் பாய்ந்தார்.

"எந்த நேரத்திலை சொல்லப் போறியள், நித்தி அண்ணை? சபை நிறைஞ்சு எல்லாரும் இருக்கேக்கையோ?"

நித்தியானந்தன் திடுக்கிட்டுத் திரும்பினார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அதை இவ்வளவு கிட்டத்தில் நகுலேஸ்வரன் அப்போதுதான் பார்த்தார்.

"சத்தம் போடாதை நகுலன். நீ வேறை பகுதி, உனக்குத் துடக்கில்லை, சொல்லலாம். விடிய ஊரிலையிருந்து தங்கச்சி போன் எடுத்தவள், இப்பவும் அவள்தான். அப்பா எங்களை விட்டுட்டு மோசம்போயிட்டார்."

நகுலேஸ்வரன் அவரைப் பக்கத்து வாங்கில் இருத்தினார்.

"காதிலை விழுந்த நேரத்திலையிருந்துதானே செத்தவீட்டுத் துடக்கு. அண்ணை கேள்விப்பட்டாரெண்டா பிள்ளையைத் தாரை வார்த்துக் குடுக்கேலாது. நான் கேட்டுப்போட்டன். துடக்கோடை கலியாண வீட்டுக்குள்ளை எப்பிடி நிக்கிறது? அண்ணையின்ரை முகத்தைக் கண்டா அழுதும் போடுவன். அதுதான் ஊர் பாக்கிறனெண்டு வெளிக்கிட்டன். தாலி ஏறட்டும், பேந்து சொல்லுவம்."

நகுலேஸ்வரனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஹோட்டலில் ஒரு அறை எடுத்துப் படுக்க வைத்துவிட்டுத்தான் கர்க்லாண்டுக்குத் திரும்பினார்.

"என்னவாம்?" பாலாம்பிகை வாசலிலேயே மறித்தாள்.

"ஒண்டுமில்லை அக்கா. மனுசன் உண்மையா ஊர்தான் சுத்தினவர். கண்டதையும் திண்டு வயித்துக்குள்ளை சரியில்லை, ஹோட்டலிலை படுத்திட்டார். நாளைக்கு வாறது கஷ்டம் போலை."

"படத்தைப் பாக்கவே நினைச்சனான். வாயைக் கட்டத் தெரியாத மனுசன்!" பாலாம்பிகை நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

கராஜுக்குள் நின்ற கிருபானந்தன் கைகாட்டிக் கூப்பிட்டார். இவருக்கு எந்த முகத்தோடு பொய் சொல்வது என்று தவித்தபடி நகுலேஸ்வரன் கிட்டப் போனார்.

"தம்பி ஏதும் சாப்பிட்டவனே?"

"ஓம் அத்தான்... நல்லாச் சாப்பிட்டவர்."

கிருபானந்தன் அவருடைய கையை இறுக்கிப் பிடித்தார். வீட்டுப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்:

"அப்பாவைப் பற்றி நான் இன்னும் ஒண்டும் கேள்விப்படேல்லை, சரியே?"